சென்னையில் 94, நியூ ஜெர்சியில் சி மைனஸ்: பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் என்னதான் கேட்கிறார்கள்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகள் சென்னையில் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தாள், இங்கிலீஷில் 90-க்குக் கீழே போனதே இல்லை. செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் பத்தாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் கட்டுரைக்கு சி மைனஸ். ஓரத்தில் டீச்சர், "கதையைச் சொல்லிவிட்டாய், நீ என்ன நினைக்கிறாய்?" என்று எழுதியிருக்கிறார். கிராமர் டியூஷன் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: இத்தனை வருஷம் கைவந்த பாடம் ஒரே மாதத்தில் எப்படிக் கைவிட்டுப் போனது? அதைப் பேசிவிட்டால் டியூஷன் விஷயம் தானாகத் தெளிந்துவிடும். அவசரத்துக்கு ஒரு வரியில் சொல்வதென்றால், கிராமர் டியூஷன் வேண்டாம்.

நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். 16 வருஷமாக இந்த மாநிலத்தில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை இங்கிலீஷ் நடத்துகிறேன். உங்கள் மகளின் கட்டுரையை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த மதிப்பெண் நியாயமானதா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தனியார் பள்ளிகளில் நான் வேலை பார்த்ததும் இல்லை. ஆனால் அந்த ஓரக்குறிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அதையே நான் நூற்றுக்கணக்கான தாள்களில் எழுதியிருக்கிறேன், ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளின் தாள்களில் கொஞ்சம் கூடுதலாகவே. இங்கே வந்து டீச்சர் சான்றிதழுக்குப் படித்தபோது என்னுடைய முதல் பேப்பரும் இதே மாதிரிக் குறிப்போடுதான் திரும்பி வந்தது. எம்.ஏ. வரை படித்தவளுக்கே அப்படியென்றால் பதினைந்து வயதுப் பெண்ணை என்ன சொல்வது?

ஊரில் இங்கிலீஷ் பரீட்சை முக்கியமாகப் பார்ப்பது மொழியை. ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி, கடிதம், இலக்கணம், அப்புறம் பாடத்திலிருந்து கேள்விகள். பாடக் கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் வகுப்பிலேயே நோட்டில் ஏறிவிடும், இல்லையென்றால் கைடில் இருக்கும். அதைப் பிழையில்லாமல், சொன்ன அளவுக்குள் எழுதுகிறவர் நல்ல மாணவர். இது மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் தந்த வாக்கியச் சுத்தத்தால்தான் நம் பிள்ளைகளுக்கு இங்கே மொழி ஒரு தடையாக இருப்பதில்லை. ஆனால் இங்குள்ள ஹைஸ்கூல் இங்கிலீஷ் வகுப்பு மொழிப் பாடமே அல்ல. மொழி தெரியும் என்று வைத்துக்கொண்டு அதற்கு மேல் தொடங்குகிற வகுப்பு அது. ஒரு நூலைப் படித்து அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவுக்கு நூலுக்குள்ளிருந்தே சாட்சி காட்டி வாதாடுவதுதான் பாடம். 2010-ல் வந்த, பல மாநிலங்களுக்குப் பொதுவான காமன் கோர் பாடத்தரங்களை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டது. பிறகு பெயரை மாற்றித் திருத்தியும் விட்டது. ஆனாலும் ஒன்பது, பத்தாம் வகுப்பு வாசிப்புத் தரங்களில் முதலில் நிற்பது இன்றைக்கும் இதுதான்: சொல்வதற்கு நூலிலிருந்து வலுவான சான்று காட்ட வேண்டும்.

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். பத்தாம் வகுப்பில் பல பள்ளிகளில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் உண்டு. மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் கொன்ற கையோடு புரூட்டஸ் மக்கள் முன்னால் பேசுகிறான், கூட்டம் அவன் பக்கம் சாய்கிறது. அடுத்து ஆன்டனி பேசுகிறான். அதே கூட்டம் கொலைகாரர்களின் வீடுகளைக் கொளுத்தக் கிளம்புகிறது. கூட்டம் ஏன் மாறியது என்பது கட்டுரைத் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்த பிள்ளை எப்படித் தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஷேக்ஸ்பியர் உலகின் தலைசிறந்த நாடக ஆசிரியர் என்று ஒரு வரி. பிறகு கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம். கடைசியில், இவ்வாறாக ஆன்டனியின் ஆற்றல்மிக்க சொல்வன்மை மக்களின் மனத்தை மாற்றியது என்று முடிப்பு. ஒரு எழுத்துப்பிழை இருக்காது. மதிப்பெண் சி. ஏனென்றால் "ஆற்றல்மிக்க" என்பது பதில் இல்லை, கேள்வியின் மேல் ஒட்டிய லேபிள். எந்த இடத்தில், எப்படி ஆற்றல் என்பதுதானே கேள்வி?

பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கொஞ்சம் கோணல்மாணலான வாக்கியங்களில் இப்படி எழுதியிருக்கும்: ஆன்டனி கூட்டத்தை மாற்றவில்லை, தானாக மாறியதாகக் கூட்டத்தையே நம்ப வைக்கிறான். இதுதான் தீசிஸ், அதாவது கட்டுரை வாதாட எடுத்துக்கொண்ட முடிவு. அடுத்து சாட்சி. சீசரின் உயில் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, படிக்க மாட்டேன் என்கிறான். படி படி என்று கூட்டம் கத்துகிறது. உடனே படிக்காமல் கீழே இறங்கிவந்து, கிழிந்த மேலாடையையும் குத்துப்பட்ட உடலையும் காட்டுகிறான். கூட்டம் கலகத்துக்குக் கிளம்பிவிடுகிறது, உயிலை மறந்தே போய்விடுகிறது. அவனேதான் கூப்பிட்டு, உயிலை மறந்துவிட்டீர்களே என்று ஞாபகப்படுத்துகிறான். ஆளுக்கு 75 டிராக்மா என்ற செய்தி அப்போதுதான் வெளியே வருகிறது. ஆக, பணத்தைக் கேட்டுக் கூட்டம் மாறவில்லை. மாறி முடித்த பிறகுதான் பணம் காதில் விழுகிறது. சாட்சியிலிருந்து தீசிஸுக்குத் திரும்பி வருகிற இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இங்கே கமென்டரி என்று பெயர். உங்கள் மகளின் டீச்சர் தேடியதும் கிடைக்காததும் இந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் நாம். பேச்சாளர் எங்கே நிறுத்துகிறார், எங்கே கூட்டத்தைக் கேட்க வைக்கிறார் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். அதைக் கட்டுரையில் எழுதலாம் என்பதுதான் தெரியாது.

இதில் பெற்றோருக்குப் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. மூன்றாவதாக ஒரு பிள்ளை நேர் எதிராக எழுதலாம். ஆன்டனி ஒன்றும் செய்யவில்லை, அந்தக் கூட்டமே நிலையில்லாதது, நாடகத்தின் முதல் காட்சியிலேயே நேற்றுவரை சீசரின் எதிரியான பாம்பியைக் கொண்டாடியவர்கள் இன்றைக்கு சீசரைக் கொண்டாடுகிறார்களே என்று திட்டு வாங்குகிறது பாருங்கள், என்று சாட்சி காட்டலாம். நாலாவது பிள்ளை, புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ஆன்டனி செய்யுளில் பேசுகிறான், வித்தியாசம் அங்கேதான் என்று தொடங்கலாம். மூவருக்கும் ஏ கிடைக்கலாம். அப்படியானால் சரியான பதில்தான் எது என்று ஒரு அப்பா என்னிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். சரியான பதில் என்று ஒன்று கிடையாது, ஆனால் தவறான பதில் நிச்சயம் உண்டு. நூலில் இல்லாததைச் சொன்னால் தவறு, சாட்சி இல்லாமல் சொன்னால் தவறு. என் மனசுக்குப் பட்டது என்பது மட்டும் போதாது.

இனி வருஷம் முழுக்க என்ன வேலை இருக்கும் என்று பார்ப்போம். பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும், சுமாராகச் சொல்கிறேன். மூன்று நாலு முழு நூல்கள், அதில் ஒன்று அநேகமாக ஷேக்ஸ்பியர். நடுவில் சிறுகதைகள், கவிதைகள், சொற்பொழிவுகள், பத்திரிகைக் கட்டுரைகள். இந்த மாநிலத்தில் யூத இனப்படுகொலையையும் மற்ற இனப்படுகொலைகளையும் பற்றிப் பாடம் நடத்த வேண்டும் என்று 1994 முதல் சட்டமே இருக்கிறது. அதனால் அதைப் பற்றிய நினைவுக்குறிப்பு நூல் ஏதாவது ஒன்பதிலோ பத்திலோ வரலாம். கனமான வாசிப்பு அது, வீட்டில் கொஞ்சம் பேச்சுத் துணை தேவைப்படும். படிக்கும்போதே ஓரத்தில் குறிப்பெழுத வேண்டும், அதற்கு அனொடேஷன் என்று பெயர். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, சரஸ்வதி என்று வளர்த்த பிள்ளைகள் இதில் தயங்குவார்கள். ஒட்டுத்தாள் வாங்கிக் கொடுங்கள். படித்தாயா என்று சோதிக்கும் சின்ன வினாத்தாள்கள், வகுப்பிலேயே நாற்பது நிமிஷத்தில் எழுதும் கட்டுரை, வீட்டில் இரண்டு மூன்று டிராஃப்ட் போட்டு எழுதும் பெரிய கட்டுரை, வருஷத்தில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. அதை எம்எல்ஏ முறையில் எழுத வேண்டும். நம்மூர் எம்எல்ஏ இல்லை, மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் என்ற அமைப்பு வகுத்த மேற்கோள் முறை. எடுத்தாண்ட ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் அடைப்புக்குறியில், கடைசியில் நூல் பட்டியல். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பழகிவிடும்.

மதிப்பெண் எப்படிச் சேர்கிறது என்பதை டீச்சர் செப்டம்பரிலேயே தாளில் கொடுத்திருப்பார். ஒரே பெரிய பரீட்சை என்று இங்கே கிடையாது. கட்டுரைகள், பெரிய டெஸ்டுகளுக்குப் பெரும் பங்கு, சின்ன வேலைகளுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் மிச்சம் என்று வாரா வாரம் சேரும். பப்ளிக் எக்ஸாமுக்கு ஒரு மாதம் முன்னால் உட்கார்ந்து தூக்கிவிடலாம் என்ற நம் பழக்கம் செல்லாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ரூப்ரிக் என்று ஒரு கட்டம் போட்ட தாள் வரும். என் வகுப்பில் அதில் ஐந்து வரிசை: தீசிஸ், சாட்சி, விளக்கம், ஒழுங்கமைப்பு, மொழிச் சுத்தம். இலக்கணம் ஐந்தில் ஒன்றுதான், அதிலும் உங்கள் மகள் ஏற்கெனவே முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கலாம். கிராமர் டியூஷன் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எந்த வரிசையில் அடி விழுந்திருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பல டீச்சர்கள் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுக்கவும் விடுவார்கள். இது பள்ளி விதியைப் பொறுத்தது, கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் உண்மையாகவே சிக்கலில் மாட்டுகிற இடம் வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஊரில் கைடில் உள்ள பத்தியை அப்படியே எழுதினால் நன்றாகப் படித்திருக்கிறாள் என்பார்கள். இங்கே அதே வேலைக்குப் பெயர் திருட்டு. வாக்கியத்தை மட்டுமில்லை, இணையத்தில் படித்த ஒரு கருத்தைத் தன் சொற்களில் மாற்றி எழுதினாலும் யாருடையது என்று சொல்லவில்லையென்றால் அதே கணக்குத்தான். முதல் தடவை பூஜ்யம், பெற்றோருக்குப் போன், சில இடங்களில் கோப்பில் குறிப்பு. என் வகுப்பில் ஒரு பையன் இப்படி மாட்டிக்கொண்டு, "மிஸ், நான் ராத்திரி பூரா உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினேன்" என்று அழுதான். ஏமாற்றுகிற எண்ணமே அவனுக்கு இல்லை, உழைத்திருக்கிறான். அந்த உழைப்பு இங்கே எதிர்த் திசையில் எண்ணப்படும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது ஏஐ. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பல டீச்சர்கள் மறுபடி கையெழுத்துக் கட்டுரைக்கே திரும்பிவிட்டார்கள், நானும்தான். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று இத்தகைய மென்பொருள்கள் தவறாக முத்திரை குத்தியதைக் காட்டினார்கள். எல்லா டீச்சருக்கும் இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு பாதுகாப்பு: கட்டுரையை முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எந்த வாக்கியம் வந்தது, எது அழிந்தது என்ற வரலாறு அதில் பதிவாகி இருக்கும். எங்கிருந்தோ வெட்டி ஒட்டினால் அதுவும் அப்படியே தெரியும்.

அடுத்தது வாய் திறப்பது. வட்டமாக உட்கார்ந்து நூலைப் பற்றிப் பேசும் சோக்ரட்டிக் செமினார் இங்கே சகஜம். டீச்சர் ஓரமாக உட்கார்ந்து யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டிருப்பார், அதற்கும் மதிப்பெண். கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகிய பெண் அங்கே முழு நேரமும் நல்ல பிள்ளையாகச் சும்மா உட்கார்ந்திருப்பாள். படிக்காமல் வந்துவிட்டாள் என்று டீச்சர் நினைத்துக்கொள்வார். இதற்கு நான் சொல்லும் வழி சுலபமானது. முதல் நாள் ராத்திரியே ஒரு வாக்கியமும் ஒரு கேள்வியும் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும், முதல் பத்து நிமிஷத்துக்குள் அதைச் சொல்லிவிடட்டும். நேரம் ஆக ஆகத் தொண்டை இறுகும். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் பார்த்த எந்த ரூப்ரிக்கிலும் அதற்கு வரிசை கிடையாது.

சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற படிவம் கொடுத்திருப்பார்கள். தமிழ் என்று எழுதினால் இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கான இஎஸ்எல் வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் இங்கிலீஷ் என்று எழுதுகிறவர்கள் நிறைய. உள்ளதை எழுதுவதே நல்லது. தேவைப்பட்டால் ஒரு ஸ்க்ரீனிங் டெஸ்ட் வைப்பார்கள், சிபிஎஸ்இ பிள்ளைகள் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். தாண்டாவிட்டாலும் அந்த உதவியை ஏற்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஆனர்ஸ் என்ற மேல்நிலை வகுப்புக்கு மாற்றலாமா, கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி வகுப்பு எப்போது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்த வருஷம் மாற்றாதீர்கள். ஏபி லாங்வேஜ் என்ற இங்கிலீஷ் வகுப்பு பெரும்பாலும் பதினொன்றில் வரும். அந்தப் பரீட்சையில் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 45 கேள்விகளுக்கு 45 சதவீதம், மூன்று கட்டுரைகளுக்கு 55 சதவீதம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி, அதில் 4 புள்ளி சாட்சிக்கும் விளக்கத்துக்கும். அதாவது இப்போது சி மைனஸ் வாங்கித் தந்த அதே இடத்துக்குத்தான் அங்கேயும் கட்டுரைப் புள்ளிகளில் பாதிக்கு மேல் கணக்கு. அதைப் பத்தாம் வகுப்பிலேயே பிடித்துவிட்டால் பதினொன்று பாரமாக இராது. அதே பதினொன்றில் இந்த மாநிலப் பட்டப்படிப்புத் தகுதித் தேர்வான என்ஜேஜிபிஏவும் வரும், அதற்கென்று தனியாகப் பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு இங்கிலீஷ் தேவையில்லை. சாப்பிடும்போது, படித்த இடத்தைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். கதையைச் சொல்லி முடித்ததும், "சரி, அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் ஏதாவது சொன்னதும், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் திருத்த வேண்டாம். தமிழில் வாதாட வருகிற பிள்ளைக்கு இங்கிலீஷில் வாதாட மூன்று நாலு மாதம் பிடிக்கலாம். நான் பார்த்தவர்களில் பலர் பிப்ரவரி மார்ச்சில் 'பி' கிரேடுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பேசவே மறுத்த ஓரிருவருக்கு வருஷம் முழுக்கப் பிடித்தது.

டியூஷனுக்குப் பதிலாக டீச்சரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். பள்ளி தொடங்குவதற்கு முன்னாலோ முடிந்த பிறகோ உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவார்கள். ஆனால் அந்த மின்னஞ்சலை நீங்கள் எழுத வேண்டாம், மகளே எழுதட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே கேட்டு எழுதுவதை இங்கே டீச்சர்கள் பெரிதாக மதிப்பார்கள். மதிப்பெண்ணைக் கூட்ட முடியுமா என்று கேட்டு எழுதினால் எனக்கே கொஞ்சம் சலிப்பு வரும், அதை அவள் தவிர்க்கட்டும். கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைக் காட்டி, இதில் என் கருத்து எந்த இடத்தில் வந்திருக்க வேண்டும் என்று கேட்கட்டும். அந்த ஒரு பத்தியை மறுபடி எழுதி, கையோடு எடுத்துக்கொண்டு போகட்டும்.